குருமலை வீட்டுப் பிரேயர்

கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவே, கரிசல் காட்டை ஒட்டிக் கிடக்கிற பழைய மில் காலனியில், மனிதர்களின் கோபம் எண்ணெயில் சொட்டுச் சொட்டாக விழுந்து பொன்னிறமாகப் பொரிந்து மேலே வரத் தொடங்கியது ஓர் ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு. அதைப் பொரித்த மெஷின் அதற்கு மூன்று நாள் முன்னால்தான் ஓசூரிலிருந்து கூரியரில் வந்திருந்தது என்பதையும், அனுப்பியது குருமலையின் ஒரே மகள் செண்பகவல்லி என்பதையும், அந்த மகளோடு அவர் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார் என்பதையும் காலனியின் நாற்பத்திரண்டு வீடுகளும் அறியும்.

குருமலை மில்லில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, வேலை பார்க்கிற ஊரிலிருந்து மகள் போன் போட்டு, "அப்பா, ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம், நீங்களும் அம்மாவும் வந்துருங்க" என்றாள். மாப்பிள்ளை அவளே பார்த்துக்கொண்ட பையன். குருமலை ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தார். அன்றிலிருந்து அவள் போன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். மனைவி ஆவுடையம்மாள் பேசி முடித்த பிறகுதான் உள்ளே வருவார், வந்து, யார் பேசியது என்றுகூடக் கேட்க மாட்டார்.

போன தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது ஆவுடையம்மாளின் முழங்கையில் எண்ணெய் தெறித்துக் கொப்புளம் கண்டது. அது ஓசூர் வரைக்கும் போய்ச் சேர்ந்ததன் பலன்தான் அந்தக் கூரியர். எவர்சில்வர் தொட்டி, தொட்டிக்குள் முங்கிக் கிடக்கிற சூட்டுக் கம்பிச்சுருள், கைப்பிடி வைத்த கம்பிக்கூடை, சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு, மேலே கண்ணாடி பதித்த மூடி. குருமலை அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தவர், ஆவுடையம்மாள் திருகில் கை வைத்ததும், "அப்படித் திருகாத, மரை போயிரும்" என்று எழுந்து வந்தார். அதோடு மெஷின் அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம், "பெத்த மகா மேலதான் கோவம், மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம் ஓர் எழுத்துதான். ஆவுடையம்மாள் மதில் மேல் எட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டு வெயிலுகந்தாளிடம், "செம்பகம் எனக்கு ஃப்ரையர் அனுப்பியிருக்கா" என்று சொன்னாள். நம் ஊர் நாக்கு அந்த எழுத்தை என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குத் தெரியும். மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போது அது ஜெபம் செய்கிற 'பிரேயர்' ஆகிவிட்டது. வெயிலுகந்தாள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவள். செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலுக்கும் வெள்ளிக்கிழமை சர்ச்சுக்கும் போகிறவள். சாமி விஷயத்தில் ஆள் பார்த்துப் பழகத் தெரியாதவள். செவ்வாய்க்கிழமை வேலை விட்டு வந்து, தலைக்குக் குளித்து, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டு, செருப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, ஆவுடையம்மாள் பஜ்ஜிக்காக எண்ணெய் காயவைத்திருந்த மெஷின் முன்னால் வந்து கைகூப்பிக் கண்ணை மூடி நின்றாள்.

"ஆண்டவரே," என்று ஆரம்பித்தாள் வெயிலுகந்தாள், "நான் பொழுதன்னைக்கும் குச்சி அடுக்கிட்டு, கையெல்லாம் மருந்து வாடையோட வீட்டுக்கு வாரேன். எம் புருசன் சங்கரபாண்டி அடுப்புக்குப் பக்கத்துல ஒரு முழம் தள்ளி உக்காந்துக்கிட்டு, என்ன இன்னும் உலை வைக்கலையாங்கான். ஒருநாளா ரெண்டுநாளா, இருவத்தஞ்சு வருசமா கேக்கான்." சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லும் அவள் உதட்டிலிருந்து கரைத்த மாவாகச் சொட்டி, எண்ணெயில் விழுந்து, சடசடவென்று சீறி, புரண்டு, பொன்னிறமாகி மிதந்தது. ஆவுடையம்மாள் வாழைக்காயைக் கீழே வைத்துவிட்டு, கருகிவிடக் கூடாதே என்று கூடையைத் தூக்கி இரண்டு தட்டுத் தட்டி எண்ணெயை வடியவிட்டு, பேப்பர் விரித்த தட்டில் கொட்டினாள். வெயிலுகந்தாள் கண்ணைத் திறந்தாள். "மதினி, மனசு லேசா இருக்கு, நல்லாப் பசிக்குது" என்றாள். தட்டிலிருந்து இரண்டு எடுத்துத் தின்று பார்த்து, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றும் சொன்னாள்.

அடுத்த வாரத்துக்குள் வரிசை நின்றது. கோபத்தை எண்ணெயில் பொரித்து எடுக்கலாமா, இது எப்படி நடக்கும் என்று காலனியில் ஒருவரும் கேட்கவில்லை. எப்போது வரலாம், வீட்டுக்கு எத்தனை பேர் வரலாம் என்றுதான் கேட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் என்று ஆவுடையம்மாள் முறை வைத்தாள். மாமியார் மேல் உள்ள கோபம் முறுக்குப் போலச் சுற்றிச் சுற்றி விழுந்தது. பள்ளிக்கூட வாத்தியார் மேல் உள்ளது ஓமப்பொடியாக நூல் நூலாக இறங்கியது. பஞ்சாயத்துத் தண்ணீர்க் குழாய் மேல் உள்ளது அப்பளமாகப் பெரிதாக உப்பியது, தொட்டால் உள்ளே ஒன்றும் இல்லை. பழைய கோபங்கள் கெட்டிதட்டிப் போயிருந்ததால் சூட்டைக் குறைத்து வைத்து நிதானமாக வேகவிட வேண்டியிருந்தது. அம்மன் கோயில் பூசாரி, கோயிலுக்குக் கூட்டம் குறைகிறதே என்று கேட்டுப்போக வந்தவர், வந்த இடத்தில் தன் பங்காளியைப் பற்றி அரைமணி நேரம் சொல்லி ஒரு கூடை நிறையப் பொரித்து எடுத்துப் போனார். சர்ச்சில் ஜெபம் நடத்துகிற அக்கா வந்து பார்த்து, பெயர் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். பொரித்ததை எல்லோரும் எல்லோருடனும் பகிர்ந்து தின்றார்கள். ஒருவர் கோபத்தை இன்னொருவர் தின்றதால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. கசப்பெல்லாம் எண்ணெயிலேயே தங்கிவிட்டது.

அது குருமலைக்குத்தான் தெரியும், ஏனென்றால் சனிக்கிழமை தோறும் அந்த மெஷினைக் கழுவியது அவர்தான். முதலில் பிளக்கைப் பிடுங்குவார், பிடுங்கியதை இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்வார், எண்ணெய் முழுக்க ஆறும்வரை பொறுத்திருப்பார், பழைய வேட்டியை நாலாக மடித்து எண்ணெயை வடிகட்டுவார், அடியில் மண்டிய கருகல் தூளை மரக்கரண்டியால் வழித்தெடுப்பார், தொட்டியில் வெந்நீரும் சோடா உப்பும் ஊற்றி ஊறப்போடுவார், கூடையைப் பழைய பல்பிரஷ் வைத்துக் கண் கண்ணாகத் தேய்ப்பார், கம்பிச்சுருளைத் தண்ணீருக்குக் காட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் துடைப்பார், எல்லாவற்றையும் வெயிலில் கவிழ்த்து வைத்து, ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் எண்ணெய் சீறும் என்று காய்ந்த துணியால் மறுபடியும் துடைப்பார். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தலைக்கு ஊற்றி, காதுக்குப் பின்னால்கூட ஈரம் இல்லாமல் துவட்டிவிட்ட கை அது. அதை அவர் நினைத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஆவுடையம்மாள் நினைத்துக்கொண்டாள்.

"எண்ணெய் களைச்சுப்போச்சு," என்றார் ஒரு சனிக்கிழமை. "நெறத்தைப் பாரு, காபித்தண்ணி மாதிரி. சீக்கிரமே பொகையுது, நுரை கட்டுது. இதைத் தூரப் போட்டுட்டுப் புதுசு ஊத்து. தாளிக்கக்கூடச் சேத்துறாத."

"சரி" என்றாள் ஆவுடையம்மாள். சொன்னாளே தவிர, நல்ல கடலையெண்ணெயைக் கொட்டுவதற்கு அவளுக்குக் கை வரவில்லை. சுட்ட எண்ணெய் என்றால் தாளிக்க என்றுதான் அவளுக்கு அர்த்தம். அவள் அம்மாவுக்கும் காலனியின் நாற்பத்திரண்டு வீட்டுப் பெண்களுக்கும் அதுதான் அர்த்தம். எண்ணெயைக் கீழே ஊற்றுவதாவது! வாரா வாரம் வடிகட்டியதை ஒரு தூக்குச்சட்டியில் சேர்த்து, மேல்தட்டில் வைத்து, தட்டுப் போட்டு மூடிவிட்டாள்.

காலனியில் பொரிக்காமல் இருந்தது இரண்டே பேர்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்: மெஷினுக்குச் சொந்தக்காரியும், மெஷினைக் கழுவுகிறவரும். வெயிலுகந்தாளுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை குருமலையை மறித்து நிறுத்திக் கேட்டாள்.

"அண்ணே, ஊரே சொல்லிட்டுப் போகுது. நீங்களும் ஒருநாள் நின்னு, செம்பகத்து மேல இருக்கதைச் சொல்லிப் பொரிச்சுற வேண்டியதுதானே?"

குருமலை துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். "மகான்னு எனக்கு மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான் தாயி. அதையும் பொரிச்சுத் தின்னுட்டா அப்புறம் கையில என்ன இருக்கும்?"

உள்ளே இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் அடுப்பங்கரையில் எதையோ நங்கென்று வைத்தாள்.

தை மாதம் வெயிலுகந்தாளின் மகள் சுடலைவடிவுக்கு வளைகாப்பு வந்தது. காலனி முழுக்கச் சாப்பாடு. பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது தாளிக்க எண்ணெய் பத்தவில்லை என்றார்கள். "இந்தா வாரேன்" என்று ஆவுடையம்மாள் வீட்டுக்கு ஓடிப்போய் மேல்தட்டுத் தூக்குச்சட்டியை எடுத்து வந்து வாணலியில் மொத்தமாகக் கவிழ்த்தாள். கடுகு வழக்கத்தைவிடச் சத்தமாக வெடித்தது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும், சாம்பார் இன்றைக்கு என்னமாய் உறைக்கிறது என்று சொல்லிச் சொல்லி இரண்டாம் தடவை வாங்கினார்கள்.

கை கழுவுகிற இடத்திலேயே, எண்ணெயில் தங்கியிருந்த கோபமெல்லாம் ஆள் மாறி ஏற ஆரம்பித்துவிட்டது. கல்யாணமே செய்துகொள்ளாத மில் கிளார்க் திரவியம், "என்னைக் கண்டதும் தேங்காயை எடுத்து ஒளிச்சு வைக்கா பாருங்க, இவளெல்லாம் ஒரு மருமகளா?" என்று கண்கலங்கினார். ஒன்பது வருஷமாக ஒருவரையொருவர் முகம் பார்க்காத அண்ணன் தம்பி இருவரில், அண்ணனுக்குத் தம்பியின் கோபமும் தம்பிக்கு அண்ணனின் கோபமும் போய்ச் சேர்ந்துவிட, இருவரும் எதிர்க்கட்சிக்காக உயிரைக் கொடுத்து வாதாடினார்கள். அம்மன் கோயில் பூசாரி நேரே சங்கரபாண்டியின் முன்னால் போய் நின்று, "அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி உக்காந்துக்கிட்டு இன்னும் உலை வைக்கலையான்னு கேக்கியே, உனக்குக் கை இல்லையாலே?" என்று பிடித்துக்கொண்டார். சொன்னது பூசாரி என்பதால் சங்கரபாண்டி அதை அம்மன் வாக்கென்றே எடுத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே அரிசி களைந்தான்.

குருமலைக்குக் கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏறியது. சட்டையைக் கழற்றி மாட்டப் போனவர், முகம் வழிக்கிற கண்ணாடியில் ஓர் ஆளைப் பார்த்தார். பார்த்ததும் அந்த ஆள் மேல் அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. கல்லுளிமங்கன். பெற்ற பிள்ளைக்குக் கல்யாணம் என்று தெரிந்தும் பீடத்தில் ஏற்றிய சிலை போல உட்கார்ந்திருந்தவன். 'நீ போறதுன்னா போ' என்றும் சொல்லாமல், 'போகாத' என்றும் சொல்லாமல், வாயைத் திறக்காமலேயே கட்டியவளை வீட்டுக்குள் கட்டிப்போட்டவன். அந்த வியாழக்கிழமை போன் வந்ததும் அவள் பச்சரிசியை ஊறப்போட்டாள். இவன் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து இடித்தாள், சலித்தாள், வெல்லப்பாகு காய்ச்சினாள், மகள் கல்யாணத்துக்குக் கையால் ஒரு அதிரசமாவது கொண்டுபோக வேண்டும் என்று மாவு கிளறிப் பரணில் ஒளித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது, இவன் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனது. பல மாசம் கழித்து அந்த மாவைப் பரணிலிருந்து இறக்கி, பூசணம் பூத்துப்போனதைத் தனியாக உட்கார்ந்து அவள் வழித்துப் போட்டபோது, இவன் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

இதில் பாதி குருமலைக்கு அதுவரை தெரியவே தெரியாது.

"ஆவுடை," என்று கூப்பிட்டார். "நீ அதிரசத்துக்கு மாவு கிண்டினியா?"

ஆவுடையம்மாள் மடித்துக்கொண்டிருந்த பட்டுச்சேலையை அப்படியே பிடித்தபடி நின்றாள். "யார் சொன்னாக?"

"சாம்பார் சொல்லுச்சு. எப்ப நின்னு பொரிச்ச?"

"புரட்டாசி மாசம். நீங்க ரேசன் கடைக்குப் போயிருந்தீக." சேலையை மறுபடி மடிக்கத் தொடங்கி, "ஒரு கூடை வந்துச்சு," என்றாள். "ஒத்தையில உக்காந்து நானே தின்னேன்."

மறுநாளிலிருந்து காலனியில் எல்லோரும், விசேஷ வீட்டில் மாறிப்போன பாத்திரங்களை அடியில் வெட்டிய பெயர் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பதுபோல, தங்களிடம் வந்துவிட்ட கோபத்தை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்படிக் கொடுக்கப்போன இடத்தில் காபி குடித்தார்கள். திரவியம் விசாரித்து விசாரித்து அந்த மாமியாரைக் கண்டுபிடித்து, மருமகளைக் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லிவிட்டு வந்தார். ஒன்றிரண்டு பெயர் தேய்ந்த கோபங்கள் யாரும் கேட்டு வராமல் அம்மன் கோயில் மடப்பள்ளியில் கொஞ்ச நாள் கிடந்தன. குருமலை மட்டும் தன்னிடம் வந்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"குடுங்க, அது என்னுது" என்றாள் ஆவுடையம்மாள்.

"பேர் என் பேருதான வெட்டியிருக்கு," என்றார் அவர். "எங்கிட்டயே இருக்கட்டும்."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், புது எண்ணெய் ஊற்றி, சூடு ஏறியதும், வரிசையில் நின்றவர்கள் வழிவிட, குருமலை மெஷின் முன்னால் வந்து நின்றார். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கைகூப்பவில்லை, அவருக்கு அது மெஷின்தான். "எம் மகா," என்றார். "எம் மகா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு, வந்துருங்கன்னு சொன்னா. சைக்கிள் ஓட்டப் பழகினப்ப பின்னால புடிச்சுக்கிட்டு ஓடினவன் நான். அப்பா விட்டுறாத, விட்டுறாதம்பான்னு கத்துவா. இதுக்கு மட்டும் நான் வேண்டாம்னு நெனச்சுட்டா." இப்படி நாலு வருஷத்தையும் அவர் சொல்லி முடித்தார். சொற்கள் விழுந்தன, எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் எண்ணெய் சீறவில்லை, ஒரு குமிழிகூட வரவில்லை, விழுந்தது விழுந்தபடியே உள்ளே போயிற்று.

காலனி காத்திருந்தது. வெயிலுகந்தாள் எட்டிப் பார்த்து, "அண்ணே, சூடு பத்தலையோ?" என்றாள். குருமலை திருகைப் பார்த்தார். சூடு சரியாக இருந்தது. கூடையை அடிவரைக்கும் விட்டுத் துழாவித் தூக்கினார். எண்ணெய் வடிந்தது. கூடையில் ஒரு துணுக்குக்கூட இல்லை.

"அது கோவமா இருந்தா மெதந்திருக்கும்" என்றாள் ஆவுடையம்மாள் மெதுவாக.

மகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, அதன் அடியில் கோபம் என்று பெயர் வெட்டி நாலு வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார் மனிதர். அவர் காலி கூடையைக் கையில் பிடித்தபடி அழுதார். சங்கரபாண்டி வந்து கூடையை வாங்கி மாட்டிவிட்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்தான். அன்றைக்கு அதற்கு மேல் யாரும் பொரிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. குருமலை பதினோரு மணிக்கு மெஷினை முற்றத்துக்குக் கொண்டுவந்து, எண்ணெயை வடிகட்டி, தொட்டியை ஊறப்போட்டு, கூடையைத் தேய்த்துக் கவிழ்த்தார். கம்பிச்சுருளைக் கையில் எடுத்தவர், துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆவுடை, போனைக் கொண்டா" என்றார்.

"அம்மா, சொல்லும்மா" என்றது ஓசூர்.

"நான் அப்பா பேசுதேன்."

ஆறு மாதமாக ஒரு சனிக்கிழமை தவறாமல், கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் பூட்டிவிடுகிற அளவுக்கு அந்த மெஷினைக் கழுவியவர், "இல்ல, இந்த மெஷின்ல உள்ள கம்பிச்சுருளைத் தண்ணில முக்கிக் கழுவலாமா, கூடாதாம்மா?" என்று கேட்டார்.

செண்பகவல்லி திருப்பிக் கேட்டாள். "பிளக்கைப் புடுங்கிட்டீகளாப்பா?"

"புடுங்கிட்டேன்."

"எண்ணெய் ஆறிருச்சா?"

"நல்லா ஆறிருச்சு."

"அப்ப இப்பக் கேளுங்க" என்றாள் செண்பகவல்லி. கேளுங்க என்று சொன்னவள், நாலு வருஷத்தையும் சேர்த்துவைத்துப் பொரிந்து தள்ளத் தொடங்கினாள். கல்யாணத்தன்று வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றது, தாலி கட்டும் நேரத்தைக் கால்மணி தள்ளிப்போடச் சொன்னது, அவர் பின்னால் பிடித்துக்கொண்டு வருகிறார் என்று நம்பித்தான் அந்தச் சைக்கிளிலும் ஏறினாள், இந்தக் கல்யாண மணையிலும் ஏறினாள் என்பது, காய்ச்சலில் கிடந்தபோது அப்பா என்று முனகியது, ஒவ்வொரு போனிலும் வாசல் பக்கம் போகிற அவர் செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது என்பது, எல்லாம் வந்தது. குரல் மதிலுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. வெயிலுகந்தாள் எட்டிப் பார்த்தாள். ஆவுடையம்மாள் பழக்கதோஷத்தில் தொட்டியைத் துடைத்து, புது எண்ணெய் டின்னை இழுத்து, பிளக்கைக் கையில் எடுத்துவிட்டாள்.

குருமலை போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, வேண்டாம் என்று அவளைப் பார்த்துக் கையாட்டினார்.

"பொரிக்காத ஆவுடை," என்றார். "இதைப் பச்சையாவே வாங்கிக்கிடுதேன்."